மொதிபோ கெய்தா: பள்ளி ஆசிரியராக இருந்து மாலியின் முதல் அதிபரானவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க விடுதலை என்று பேச்செடுத்தால் நம்மில் பெரும்பாலோர் மண்டேலாவைச் சொல்வார்கள். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் கானாவின் இங்க்ருமாவைச் சொல்வார்கள். மாலியின் மொதிபோ கெய்தா பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் பள்ளி ஆசிரியர். சாக்பீஸ் பிடித்த கையோடு நாடாள வந்த ஒருவரின் கதை என்பதால் வகுப்பிலும் ஆசிரியர் அறையிலும் இவரைப் பற்றி ஓயாமல் பேசுவேன். அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

மொதிபோ கெய்தா யார்?

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள மாலி நாட்டின் முதல் அதிபர். 1915 ஜூன் 4 அன்று பமாக்கோ நகரில் பிறந்தார். ஆசிரியர் பயிற்சி பெற்று வேலைக்குச் சேர்ந்தார். தொழிற்சங்கம், கட்சி, நகர மேயர், பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர் என்று படிப்படியாக வளர்ந்து 1960-இல் நாட்டின் தலைவரானார். 1968-இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. எட்டரை ஆண்டு காவலில் இருந்து, 1977 மே 16 அன்று காவலிலேயே இறந்தார்.

ஆள் ஏறக்குறைய 2 மீட்டர் உயரம். வெள்ளை அங்கியில் கூட்டத்தில் நின்றால் தலை தனியே தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மொதிபோ என்பது அங்கே சமய நூல்களைக் கற்றறிந்த ஆசானைக் குறிக்கும் சொல். பெற்றோர் வைத்த பெயரிலேயே வாத்தியார் இருந்தார்.

சில இடங்களில் அவரை 'சூடான் தலைவர்' என்று போட்டிருக்கிறார்களே?

அது இன்றைய சூடான் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் மாலிக்கு 'பிரெஞ்சு சூடான்' என்று பெயர். மாலி என்பது 13-ஆம் நூற்றாண்டில் சுந்தியாத்தா கெய்தா நிறுவிய பேரரசின் பெயர். விடுதலையின்போது அந்தப் பழைய பெயரை மீட்டெடுத்தார்கள். மொதிபோவின் குடும்பப் பெயரும் கெய்தாதான். அந்த அரச மரபின் பெயரைச் சுமந்தவர், அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கினார்.

உண்மையிலேயே வகுப்பெடுத்தாரா, பெயருக்கு ஆசிரியரா?

நிஜமாகவே வகுப்பெடுத்தவர். செனகலில் இருந்த வில்லியம் பொந்தி ஆசிரியர் பயிற்சிப் பள்ளிதான் அன்றைய பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் தலையாய பள்ளி. அப்போது அது டக்கார் நகருக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் கோரே தீவில் இயங்கியது. எட்டு நாடுகளின் பிள்ளைகளில் பொறுக்கியெடுத்த சிலருக்குத்தான் அங்கே இடம். அங்கே முதல் மாணவராகத் தேறி 1936-இல் வெளியே வந்தார் கெய்தா. பமாக்கோ, சிக்காசோ, திம்புக்து வட்டாரம் என்று பல ஊர்களில் பாடம் நடத்தினார்.

மேலதிகாரிகள் அவரைப் பற்றி எழுதிய குறிப்பில் இரண்டு விஷயங்கள் இருந்தன: மிகச் சிறந்த ஆசிரியர், பிரான்சுக்கு எதிரானவர், கண்காணிக்க வேண்டும். ஒரே ஆளைப் பற்றி ஒரே கோப்பில் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்றால், பாடம் சரியாக நடந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

1939-இல் மரியம் திராவெலே என்பவரை மணந்தார். அவரும் ஆசிரியை; பின்னாளில் கட்சியின் பெண்கள் அமைப்பில் முன்னின்று உழைத்தவர்.

மேற்கு ஆப்பிரிக்காவின் முதல் தலைமுறைத் தலைவர்களில் ஏன் இத்தனை ஆசிரியர்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பட்டியலைப் பாருங்கள்: நைஜரின் ஹமானி தியோரி ஆசிரியர். தஹோமேயின் (இன்றைய பெனின்) ஊபேர் மாகா ஆசிரியர். செனகலின் மமது தியா ஆசிரியர். அந்நாட்டின் முதல் அதிபர் செங்கோர் பிரான்சிலேயே பள்ளியில் பாடம் நடத்தியவர். ஆங்கிலேயர் ஆண்ட பக்கம் வந்தால் கானாவின் இங்க்ருமா, நைஜீரியாவின் முதல் பிரதமர் அபூபக்கர் தஃபாவா பலேவா இருவரும் ஆசிரியர்கள்.

காரணம் எளிமையானது. காலனி அரசுக்கு உள்ளூரில் எழுத்தர்கள் வேண்டும், உதவி மருத்துவர்கள் வேண்டும், ஆசிரியர்கள் வேண்டும். அதற்கு மேல் ஓர் ஆப்பிரிக்கருக்குப் படிப்பு கொடுக்க அது விரும்பவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் இந்த மூன்றில் ஒன்றுதான் வழி. ஐவரி கோஸ்டின் ஊஃபுவே புவாஞி அதே பொந்தி வழியாக உதவி மருத்துவரானவர்.

ஆசிரியருக்கு இன்னொரு வசதியும் இருந்தது: ஊர் ஊராக மாற்றுவார்கள். போன இடத்தில் எல்லாம் மனு எழுதித் தருவார், அரசாணையைப் படித்துச் சொல்வார், கடிதம் வாசித்துக் காட்டுவார். ஒரு வட்டாரத்தின் குறை முழுவதும் அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும். கட்சி தொடங்கியபோது, எந்த ஊரில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அப்புறம், பொந்தியில் ஒரே கூடத்தில் படுத்துறங்கிய நண்பர்கள் எட்டு நாடுகளில் பரவியிருந்தார்கள். காலனி அரசு தன்னை அறியாமல் தன் எதிரிகளுக்கு ஒரு விடுதி கட்டிக் கொடுத்திருந்தது.

ஆசிரியர் வேலையிலிருந்து அரசியலுக்கு எப்படி வந்தார்?

ஒரே நாளில் தாவவில்லை. முதலில் சங்கம். 1937-இல், இன்றைய புர்க்கினா ஃபாசோவைச் சேர்ந்த வெஸ்ஸான் கூலிபாலி என்ற சக ஆசிரியரோடு சேர்ந்து ஆசிரியர் சங்கம் கட்டினார். பிறகு பத்திரிகை. சிக்காசோவில் வேலை பார்த்தபோது 1943-இல் 'கெனெதுகுவின் கண்' என்ற பெயரில் ஓர் இதழ் தொடங்கினார். கெனெதுகு என்பது சிக்காசோவைத் தலைநகராகக் கொண்டு 1898 வரை பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற அரசு. தோற்ற அரசின் பெயரை எடுத்து, அதற்கு 'கண்' என்று ஒட்டி, ஆள்பவர்களை விமர்சித்து எழுதினார். அதிகாரிகளுக்கு அந்தப் பெயரே எரிச்சலாக இருந்திருக்கும்.

1946 அக்டோபரில் பமாக்கோவில் ஒரு பெரிய மாநாடு கூடி, பிரெஞ்சு ஆப்பிரிக்கா முழுவதற்குமான ஆப்பிரிக்க ஜனநாயகப் பேரணி பிறந்தது. அதன் மாலிக் கிளைதான் சூடானிய ஒன்றியம். மூத்த ஆசிரியர் மமது கோனாத்தே தலைவர், கெய்தா பொதுச் செயலாளர். 1940களின் பிற்பகுதியில் கெய்தாவைப் பிடித்துப் பாரிஸின் லா சாந்தே சிறையில் சில வாரம் அடைத்தார்கள். வெளியே வந்தவர் 1948-இல் பிரதேச சபைக்குத் தேர்வானார்.

1950-இல் நடந்ததை எந்த ஊர் ஆசிரியரும் சட்டென்று புரிந்துகொள்வார். தண்டனை இடமாற்றம்! திம்புக்துவுக்குப் பக்கத்தில், நைஜர் ஆற்றின் கரையில் இருக்கும் கபாரா என்ற துறையில், நாடோடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கச் சொல்லி அனுப்பினார்கள். தலைநகரிலிருந்தும் கட்சியிலிருந்தும் தள்ளி வைப்பதுதான் நோக்கம். பாலைவனத்து துவாரெக் மக்களின் பிள்ளைகளுக்கு அங்கே பாடம். இந்த இடத்தை நினைவில் வையுங்கள். வடக்குப் பாலைவனம் அவர் வாழ்க்கையில் மறுபடியும் வரும்.

பிரெஞ்சு அரசிலேயே பதவி வகித்தார் என்பது உண்மையா?

உண்மை. 1956-இல் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினரானார், அவையின் துணைத் தலைவர்களில் ஒருவராகவும் இருந்தார். 1957, 58-இல் இரண்டு பிரெஞ்சு அமைச்சரவைகளில் துணை அமைச்சர் நிலையில் பணிபுரிந்தார். பமாக்கோவின் மேயரும் அவர்தான். ஏறக்குறைய பத்தாண்டில் பாரிஸ் சிறையிலிருந்து பாரிஸ் அமைச்சரவைக்கு வந்திருக்கிறார். அதே 1956-இல் மமது கோனாத்தே காலமானதால் கட்சியின் முழுப் பொறுப்பும் அவர் தோளில் விழுந்தது.

செனகலோடு சேர்ந்து ஒரே நாடாக இருந்தார்களாமே?

ஆமாம், விடுதலை பெற்ற நாடாக சரியாக இரண்டே மாதம்.

பிரான்ஸ் தன் மேற்கு ஆப்பிரிக்கப் பேரரசைத் துண்டு துண்டாக விட்டுப் போவதைக் கெய்தா எதிர்த்தார். கடலே இல்லாத ஏழை நாடு தனியாக நின்று பிழைக்காது என்பது அவர் கணக்கு. 1959-இல் நான்கு நாடுகள் சேர்ந்து மாலிக் கூட்டமைப்பு தொடங்கப் பேசின. தஹோமேயும் மேல் வோல்ட்டாவும் (இன்றைய புர்க்கினா ஃபாசோ) பின்வாங்க, செனகலும் சூடானும் மட்டும் மிஞ்சின. கெய்தா கூட்டமைப்பின் பிரதமர். 1960 ஜூன் 20 அன்று விடுதலை.

அதன்பின் சண்டை. அதிபர் பதவி யாருக்கு, ராணுவம் யார் கையில், ஒரே இறுக்கமான அரசா தளர்வான கூட்டணியா என்று எல்லாவற்றிலும் தகராறு. செங்கோர், மமது தியா, கெய்தா மூவருமே ஆசிரியர்கள். ஒரு பள்ளியில் மூன்று தலைமையாசிரியர் இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஆகஸ்ட் 19 இரவு கெய்தா டக்காரில் அவசர நிலை அறிவித்து, பாதுகாப்புத் துறையைக் கையில் வைத்திருந்த தியாவைப் பதவியிலிருந்து நீக்கினார். செனகல் காவல் படை தியாவின் பக்கம் நின்றது. நள்ளிரவு தாண்டியதும் செனகல் சட்டசபை கூடி, கூட்டமைப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

கெய்தாவையும் உடன் இருந்தவர்களையும் பூட்டிய ரயிலில் ஏற்றி பமாக்கோவுக்கு அனுப்பினார்கள். 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதை. ஆகஸ்ட் மாத உக்கிரத்தில், மூடிய பெட்டியில், நேற்று வரை இரு நாடுகளுக்குப் பிரதமராக இருந்தவர் உட்கார்ந்து வருகிறார். வந்து இறங்கியதும் அந்த ரயில் தடத்தையே மூடினார். 1963 வரை அந்த எல்லையில் ரயில் ஓடவில்லை. நாட்டின் நிலக்கடலையும் மாட்டுத் தோலும் துறைமுகம் போக இருந்த ஒரே ரயில் பாதை அது. கோபம் புரிகிறது, ஆனால் அந்த மூன்று ஆண்டுக்கு விலை கொடுத்தது சாதாரண மக்கள்தான்.

கூட்டமைப்பின் பெயரைக் கெய்தா கைவிடவில்லை. 1960 செப்டம்பர் 22 அன்று தன் நாட்டை மாலிக் குடியரசு என்று அறிவித்தார். இன்றும் அதுதான் மாலியின் விடுதலை நாள்.

அதிபராக என்ன செய்தார்?

நிறைய, அதுவும் வேகமாக. வெளிநாட்டு ராணுவத் தளங்களைக் காலி செய்யச் சொல்லி 1961 ஜனவரி 20 அன்று பிரான்சுக்கு அறிவித்தார். அந்த ஆண்டு செப்டம்பருக்குள் கடைசிப் பிரெஞ்சு வீரனும் கிளம்பினான். அந்த ஜனவரி 20 மாலி ராணுவ நாளாக இன்றும் கொண்டாடப்படுகிறது. ஏற்றுமதி இறக்குமதிக்கு சோமியெக்ஸ் என்ற அரசு நிறுவனம் வந்தது. ஏர் மாலி விமானங்கள் பறந்தன.

என் மனத்துக்கு நெருக்கமானது 1962-இன் கல்விச் சீர்திருத்தம். விடுதலையின்போது பள்ளி வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்றுகூடப் பள்ளியில் இல்லை. ஆள்பவர்களின் எழுத்தர்களைத் தயாரிக்கும் பாடத்திட்டத்தை மாற்றி, ஒன்பது ஆண்டு அடிப்படைப் பள்ளியை அமைத்தார்கள். எல்லோருக்கும் கல்வி, ஆனால் தரம் குறையாத கல்வி என்பது குறிக்கோள். வரலாற்றுப் பாடம் பிரான்சின் மன்னர்களை விட்டுவிட்டு மாலிப் பேரரசுக்கு வந்தது. பணமும் ஆசிரியர்களும் போதவில்லை, எண்ணம் முழுதாக நிறைவேறவும் இல்லை. ஆனாலும் முன்னால் வந்து உட்காரும் பிள்ளைக்குத் தன் ஊரின் கதை தெரிய வேண்டும் என்ற நினைப்பு, வகுப்பில் நின்று பழகியவருக்குத்தான் முதலில் வரும்.

நேருவோடு இவருக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. 1961 செப்டம்பரில் பெல்கிரேடில் அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு. பெர்லின் சுவர் எழுந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அணு ஆயுதப் போர் வந்துவிடுமோ என்ற பயம். அமெரிக்காவும் சோவியத்தும் உட்கார்ந்து பேச வேண்டும் என்ற வேண்டுகோளை நேரில் கொண்டுபோக மாநாடு முடிவு செய்தது. நேருவும் இங்க்ருமாவும் மாஸ்கோவில் குருஷ்சேவைச் சந்தித்தார்கள். கெய்தாவும் இந்தோனேசியாவின் சுகர்னோவும் வாஷிங்டனில் கென்னடியைச் சந்தித்தார்கள். 1963 அக்டோபரில் மொராக்கோவும் அல்ஜீரியாவும் எல்லைக்காகச் சண்டையிட்டபோது, எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியோடு சேர்ந்து இரு தலைவர்களையும் பமாக்கோவுக்கு வரவழைத்துப் போர்நிறுத்தம் செய்ய வைத்தார். அந்த ஆண்டில் சோவியத் அரசின் லெனின் அமைதிப் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

அப்படியானால் ஏன் சிலர் அவரைச் சர்வாதிகாரி என்கிறார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன்.

1962 ஜூலை 1 அன்று சொந்த நாணயமாக மாலி பிராங்க் வந்தது. தன்மானம் உள்ள நாட்டுக்குத் தன் பணம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் மாலியின் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக எல்லை தாண்டிப் போய் மாடும் கருவாடும் விற்று, கோலா கொட்டை வாங்கி வருபவர்கள். எல்லைக்கு அப்பால் செல்லாத பணத்தை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? அதே மாதம் பமாக்கோ தெருவில் இறங்கினார்கள். அரசு அதைச் சதி என்றது. எதிர்க்கட்சித் தலைவர்கள் ஃபிலி தபோ சிசோகோ, ஹமதூன் திகோ ஆகியோருக்கும் ஒரு வணிகருக்கும் மக்கள் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பின்பு அதைக் கடுங்காவலாக மாற்றி வடக்கே கிதால் பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். 1964-இல் மூவரும் அங்கேயே இறந்தார்கள். எப்படி இறந்தார்கள் என்பதை அரசு நம்பும்படி விளக்கவே இல்லை. சிசோகோவும் ஓர் ஆசிரியர், கவிஞர்.

1963, 64-இல் கிதால் பகுதி துவாரெக் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது ராணுவம் கொடூரமாக அடக்கியது. கபாராவில் யாருடைய பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினாரோ அந்த மக்கள். அந்தக் காயம் இன்றைய மாலியின் வடக்கில் இன்னும் ஆறவில்லை.

கிராமத்திலும் மனக்கசப்பு. ஊருக்குப் பொதுவான வயலில் வேலை செய், தானியத்தை அரசு சொல்லும் விலைக்குக் கொடு என்றால் உழவன் மூட்டையை இரவோடு இரவாக எல்லைக்கு அப்பால் ஓட்டிப் போவான். அதுதான் நடந்தது. 1967-இல் வேறு வழியின்றிப் பிரான்சோடு ஒப்பந்தம் போட்டு, பிராங்கின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தார்கள். அதே ஆண்டு 'செயல்படும் புரட்சி' என்ற பெயரில் கட்சியின் மக்கள் படை தெருவுக்கு வந்தது. இரவு ரோந்து, சோதனை, இசை போட்டு ஆடிய இளைஞர்களைக்கூடப் பிடித்துக் கண்டிப்பது என்று போனது. 1968 தொடக்கத்தில் நாடாளுமன்றமும் கலைந்தது.

என் கருத்தைச் சொல்கிறேன்: அவர் தனக்காக எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை, ஆனால் நாட்டை ஒரு வகுப்பாகப் பார்த்துவிட்டார். வகுப்பில் எதிர்த்துப் பேசுகிறவனை வெளியே நிறுத்துவது எங்கள் தொழிலில் உள்ள மோசமான பழக்கம். நாடு நாற்பது பேர் கொண்ட வகுப்பு இல்லையே. வெளியே நிறுத்திய அந்த மூவர் திரும்பி வரவே இல்லை.

ஆட்சி எப்படிக் கவிழ்ந்தது?

1968 நவம்பர் 19. மோப்தியிலிருந்து நைஜர் ஆற்றில் படகில் திரும்பி வந்துகொண்டிருந்தார். கூலிக்கோரோவில் இறங்கி பமாக்கோவுக்குக் காரில் வரும் வழியில் வீரர்கள் மறித்துக் கைது செய்தார்கள். லெப்டினன்ட் மூசா திராவோரே என்ற இளம் அதிகாரியின் தலைமையில் 14 பேர் கொண்ட ராணுவக் குழு ஆட்சியைப் பிடித்தது. கெய்தாவைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. பமாக்கோவில் மக்கள் தெருவுக்கு வந்து கொண்டாடினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிறையில் என்ன நடந்தது?

கிதாலுக்கே அனுப்பினார்கள். எதிரிகளை அவர் அனுப்பிய அதே பாலைவனம். மனைவி மரியத்தையும் பல ஆண்டுகள் சிறை வைத்தார்கள். 1977 தொடக்கத்தில் அவரை பமாக்கோவுக்குக் கொண்டுவந்தார்கள். மே 16 அன்று இறந்துபோனார். வயது 61.

அந்தச் செய்தியை வானொலி எப்படிச் சொன்னது என்பதுதான் என்னை இந்த மனிதரிடம் முதலில் இழுத்தது. நாட்டின் முதல் அதிபர் என்ற சொல் அதில் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் மொதிபோ கெய்தா நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்று அறிவித்தார்கள். சிறுமைப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார்கள். முதன்முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன்: ஆசிரியர் என்பதை வசையாகச் சொல்லலாம் என்று ஒரு ராணுவ அரசு நினைத்திருக்கிறது!

மக்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஹம்தல்லாயே இடுகாட்டுக்கு ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். ஒன்பது ஆண்டுக்கு முன் ஆடிப்பாடிய அதே நகரம். மிரண்டுபோன அரசு, ஊர்வலத்துக்கு வந்தவர்களில் பலரைக் கைது செய்தது.

அவரைக் கொன்றுவிட்டார்களா?

குடும்பத்தாரும் ஆதரவாளர்களும் விஷம் வைத்ததாகவே நம்புகிறார்கள். அரசு சொன்ன காரணம் நுரையீரல் நோய். குற்றம் எதுவும் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டதில்லை. ஆனால் ஒருவரை விசாரணையே இல்லாமல் எட்டரை ஆண்டு அடைத்து வைத்தவர்கள்மேல் அந்தச் சந்தேகம் விழுவதில் வியப்பில்லை.

இப்போது மாலியில் அவர் பெயர் எங்கே இருக்கிறது?

1991 மார்ச்சில் மூசா திராவோரே வீழ்ந்த பிறகுதான் அவர் பெயரை வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது. அடுத்த ஆண்டு தேர்தலில் வென்ற அல்ஃபா ஊமர் கோனாரே வரலாறு படித்தவர். அவரும் ஆசிரியராகத் தொடங்கியவர்தான். அவர் காலத்தில், 1999 ஜூனில், பமாக்கோவில் மொதிபோ கெய்தா நினைவகம் திறக்கப்பட்டது. நகரின் ஒரு விளையாட்டு அரங்கத்துக்கும் செனூவில் உள்ள பன்னாட்டு விமான நிலையத்துக்கும் அவர் பெயர். பமாக்கோவில் விமானம் இறங்கும்போது முதலில் கேட்கும் பெயர் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியருடையது.